கண்ணுசாமியை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு

கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, கண்டியின் கடைசி மன்னரைப் பற்றி எழுதச் சொன்னால் வந்து சேர்கிற கொப்பிகள் இரண்டே வகைதான். ஒன்று "ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒரு கொடுங்கோலன்" என்று தொடங்கும். மற்றது "கடைசித் தமிழ் மன்னன் துரோகத்தால் வீழ்ந்தான்" என்று தொடங்கும். முதலாவது பரீட்சைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து வருகிறது, இரண்டாவது வாட்ஸ்அப்பிலிருந்து. கொட்டாஞ்சேனையில் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற எனக்கு முதல் வரியிலேயே வகை தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே புள்ளிதான் போடுவேன். அது பெரிய புள்ளியும் இல்லை.

அதனால் இந்தத் தவணை கேள்வியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: "மன்னரின் இளமைக்காலம் அவரது ஆட்சியின் தோல்விக்கு எந்தளவுக்குக் காரணம்?" உடனே தாய்மார் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். "மிஸ், இதுக்கு விடை எந்தப் புத்தகத்தில இருக்கு?" விடையை அப்படியே பார்த்து எழுத ஒரு புத்தகமும் இல்லை. எங்கே தேடுவது, எதை எதனோடு கோர்ப்பது, எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லித் தருகிறேன். எழுதுவது உங்கள் வேலை.

முதலில் வயதை எழுதுங்கள்

கொப்பியின் ஒரு பக்கத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மன்னரின் வயதைப் போடுங்கள். 1780 பிறப்பு. 1798 அரியணை, வயது 18. 1803 ஆங்கிலேயரோடு முதல் யுத்தம், 23. 1811 பிலிமத்தலாவை அதிகாருக்கு (அதிகார் என்றால் மன்னரின் முதன்மை அமைச்சர்) மரண தண்டனை, 31. 1814 எகலப்பொலயின் கிளர்ச்சி, 34. 1815 பிடிபட்டது, 35. 1832 வேலூரில் மரணம், 52.

இதைச் செய்யாமல் எழுத உட்காருகிற பிள்ளையின் மனதில், படத்தில் பார்த்த தாடி வைத்த மனிதர் ஒருவர்தான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஆட்சி செய்துகொண்டிருப்பார். வயதை எழுதினால், 1798இல் அரியணையில் இருந்தது உங்கள் உயர்தர வகுப்பு அண்ணாமார் வயதுப் பையன் என்பது தெரியும். அவனுக்கு எதிரே நின்றவர் அரசியலில் நரைத்த பிலிமத்தலாவை. கரையோரத்தில் இரண்டு வருடத்துக்கு முன்னர், 1796 பெப்ரவரியில், ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பறித்த ஆங்கிலேயர். இந்த மூன்று பேரையும் ஒரே பக்கத்தில் பார்த்தபிறகு முதல் பந்தியை எழுதுங்கள்.

இளமைக்காலம் என்று எதை எழுதுவது

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குவார்கள். கண்ணுசாமி என்ற அந்தப் பிள்ளை எப்படி விளையாடியது, யாரிடம் படித்தது, தாய் எப்படி வளர்த்தார் என்று சொல்கிற பதிவுகள் கைவிரலில் அடங்கும். அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். "சிறுவயதில் அன்பு கிடைக்காததால் கொடூரமானவராக வளர்ந்தார்" என்று எழுதினால் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "யார் சொன்னது?" என்று எழுதுவேன்.

குணத்தை விட்டுவிட்டு அவர் நின்ற இடத்தைப் பாருங்கள். அதற்குத் தாராளமாகச் சான்று இருக்கிறது.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்து ராணியின் வயிற்றில் வாரிசு இல்லாமல் இறந்தார். வேறொரு பெண்ணுக்குப் பிறந்த உனம்புவ என்ற மகன் இருந்தும், அரியணை ராணியின் தம்பிக்குப் போனது. ராணி மதுரை நாயக்கர் குடும்பம். தங்களில் ஒருவன் மன்னனாகி மற்றவர்களை மிதிப்பதை விட, யாருக்கும் சொந்தமில்லாத வெளியாள் இருப்பது பிரதானிகள் பலருக்கு வசதியாக இருந்தது. அப்படித் தொடங்கிய வழியில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாக நம்முடைய ஆள் என்று நாலு பேர். உறவினர்கள் கண்டி நகரில் ஒரு தெருவிலேயே கூடி வாழ்ந்தார்கள். குமாரப்ப வீதி, மலபார் வீதி என்று அதைச் சொல்வார்கள்.

1798இல் ராஜாதி ராஜசிங்கனும் வாரிசு இல்லாமல் இறந்தார். வரிசைப்படி பார்த்தால் ராணி உபேந்திரம்மாவின் சகோதரன் முத்துசாமிக்கு வலுவான உரிமை இருந்தது. பிலிமத்தலாவை அவரை ஒதுக்கிவிட்டு, ராணியின் சகோதரி வழியில் வந்த கண்ணுசாமியைக் கொண்டுவந்து இருத்தினார். முத்துசாமி ஓடிப்போய் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார்.

இவ்வளவுதான் உங்களுக்குத் தேவையான இளமைக்காலம். இதிலிருந்து நாலு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அரியணை உரிமையாக வரவில்லை, ஒருவருடைய தயவால் வந்தது. தயவு காட்டியவர் உயிரோடு, அதிகாரத்தோடு, பக்கத்திலேயே நின்றார். உரிமை உள்ள இன்னொருவர் எதிரியின் கையில் இருந்தார். பெரிய பிரதானிக் குடும்பங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரு வலை போல இருந்த நாட்டில், மன்னருக்கு அந்த வலையில் ஒரு முடிச்சும் இல்லை.

ஒரு வதந்தியும் உண்டு: கண்ணுசாமி உண்மையில் பிலிமத்தலாவையின் மகன் என்று. இதை உண்மை போல எழுதாதீர்கள், விட்டுவிடவும் வேண்டாம். மன்னன் யாருடைய ஆள் என்று அந்தக் காலத்துச் சனம் நினைத்தது என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

கடனைப் பின்தொடருங்கள்

கட்டுரையின் நடுப்பகுதிக்கு ஒரு நூல் வேண்டும். நான் சொல்லித் தருகிற நூல் கடன். பிலிமத்தலாவைக்கு மன்னர் பட்ட கடன். ஒவ்வொரு பெரிய சம்பவத்திலும் நின்று, இங்கே அந்தக் கடன் என்ன செய்தது என்று கேளுங்கள்.

1799இல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த்தை அவிசாவளையில் சந்தித்த பிலிமத்தலாவை, தானே அரியணையில் ஏற்றிய மன்னரை இறக்க உதவி கேட்டார். கண்ணுசாமி மன்னராகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. 1800இல் ஜெனரல் மக்டவல் பெரிய பரிவாரத்தோடு கண்டிக்குத் தூது போனார். ஆங்கிலப் படையைக் கண்டியில் வைக்க மன்னர் சம்மதிக்கவில்லை. பத்தொன்பது, இருபது வயதில் சொன்ன அந்த மறுப்பைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். பையன் பொம்மை என்று எழுதிக்கொண்டே போகிறவர்களுக்கு அது ஒரு தடை.

1803தான் முக்கியம், அவசரப்படாமல் எழுதுங்கள். ஆங்கிலேய ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டிக்காரர் பறிமுதல் செய்ததைச் சாட்டாக வைத்து நோர்த் படை அனுப்பினார். பெப்ரவரியில் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது, மன்னர் பின்வாங்கியிருந்தார். ஆங்கிலேயர் கையோடு கொண்டுபோன முத்துசாமியை அரியணையில் ஏற்றினார்கள். அந்த மன்னரை மதித்துச் சனம் வரவில்லை. காய்ச்சல் வந்து படை சுருண்டது. ஜூன் 24இல் கண்டிக்காரர் தாக்க, மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலைப் பக்கம் போகப் புறப்பட்டார். வட்டாபுளுவவில் மகாவலி பெருகி ஓடியது, கடக்க முடியவில்லை. முத்துசாமியைக் கொடுத்துவிடு என்றார்கள், டேவி கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். டேவியின் படையையும் பிறகு வெட்டினார்கள்.

இந்தப் பந்தியைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலேயரின் பக்கத்திலிருந்து எழுதுவார்கள், ஏனென்றால் பதிவுகளும் அந்தப் பக்கத்தில்தான் குவிந்திருக்கின்றன. ஒருமுறை மன்னரின் பக்கத்தில் நின்று எழுதிப் பாருங்கள். 23 வயது. உங்கள் மாளிகையில், உங்கள் இருக்கையில், உங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து எதிரி இருத்துகிறான். உங்களை மன்னராக்கிய அதிகார் அந்த எதிரியோடு நாலு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாரை நம்புவீர்கள்? அவருடைய பிற்காலச் சந்தேகங்களுக்கு வேர் தேடுகிறவர்கள் தொட்டிலுக்குப் போக வேண்டாம், 1803க்குப் போனால் போதும். அந்த 1803 நடக்கக் காரணம் 1798இல் அரியணை வந்த விதம். உங்கள் வாதத்தின் முதுகெலும்பு இது.

பிறகு 1811. பிலிமத்தலாவை மன்னரைக் கொல்லச் சதி செய்தார் என்று குற்றம் காணப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். கணக்குப் பாருங்கள், 13 வருடம். ஆரம்பத்திலிருந்தே இரத்தவெறி பிடித்த மன்னர் என்றால் இவ்வளவு காலம் எதற்கு? இந்தக் கேள்வியை அப்படியே உங்கள் கொப்பியில் எழுதலாம், என்னிடமிருந்து எடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

பிலிமத்தலாவையின் இடத்துக்கு எகலப்பொல வந்தார். கடன் கொடுத்தவர் போனார், ஆனால் மன்னருக்குச் சொந்தமாக ஆட்கள் சேர்ந்துவிடவில்லை.

கண்டி வாவி

1812இல் முடிந்த வாவியும், அரண்மனையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம். வயல் நிலத்தை வாவியாக்க ராஜகாரிய (மன்னருக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலை) முறையில் சனத்தைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். விவசாயியும் முறுமுறுத்தான், பிரதானிகளும் முறுமுறுத்தார்கள். இளமைக்காலத்தோடு இதை இணைப்பது உங்கள் கெட்டித்தனம்: வம்சப் பலம் இல்லாதவர் கல்லிலும் தண்ணீரிலும் பலத்தைக் காட்டினார் என்று ஒருவர் வாதாடலாம். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். எந்த மன்னர்தான் கட்டவில்லை? எதிர்த்தவர்களை வாவியின் அடியில் கழுவேற்றினார் என்ற கதையை எழுதுவதானால் "சொல்லப்படுகிறது" என்பதோடு நிறுத்துங்கள்.

எகலப்பொல குடும்பம்: கை நடுங்காமல் எழுதுங்கள்

சப்பிரகமுவ திசாவையாக, அதாவது அந்த மாகாணத்தின் ஆளுநராக இருந்த எகலப்பொல 1814இல் கிளர்ச்சி செய்து, தோற்று, கொழும்புக்கு ஓடி வந்து ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். மனைவி மக்கள் கண்டியில். வெளியே பதவிக்குப் போகிற பிரதானி குடும்பத்தைத் தலைநகரில் விட்டுப் போவது வழக்கம், விசுவாசத்துக்குப் பிணை அது. மே மாதத்தில் மன்னர் அந்தப் பிணையை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள், தாய் போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டார்.

அண்ணன் பயந்து ஒதுங்க, சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்த கதையை உங்கள் சிங்கள நண்பர்கள் சின்ன வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் சிலர் இதை "ஆங்கிலேயன் கட்டிய கதை" என்று ஒரே வரியில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். கூடாது. வெட்டிய தலைகளை உரலில் போட்டுத் தாயை இடிக்க வைத்தது போன்ற விவரங்கள் ஆங்கிலேயர் கேட்டெழுதியவை, அவற்றை அப்படிச் சொல்லியே எழுதலாம். கொலைகள் நடந்தன. தமிழ் பேசிய மன்னர் என்பதற்காக அதை மறைத்தால், கொடுங்கோலன் என்று ஒரே சொல்லில் முடிக்கிறவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அதே நேரம், இந்தச் சம்பவத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்காதீர்கள். சோகம் எழுத நன்றாக வரும், புள்ளி வராது. ஒரு பந்தி போதும். அந்தப் பந்தியில் நான் தேடுகிற வரி இதுதான்: இந்தத் தண்டனைக்குப் பிறகு மன்னரைத் தாங்கி நிற்க எந்தப் பெரிய குடும்பமும் மிஞ்சவில்லை.

வருடக் கடைசியில் கொழும்புப் பக்கத்து வியாபாரிகள் பத்துப் பேர் ஒற்றர் என்று கண்டியில் பிடிபட்டு, மூக்கும் காதும் கையும் வெட்டப்பட்டார்கள். தப்பியவர்கள் கொழும்புக்கு வந்த கோலம் தேசாதிபதி பிரவுன்றிக்குக் காரணமாகப் போதுமாக இருந்தது. 1815 ஜனவரியில் யுத்தம், பெப்ரவரி 14 கண்டி விழுந்தது, 18இல் மெதமகாநுவரப் பக்கத்தில் மன்னர் பிடிபட்டார். பிடித்தவர்கள் எக்னெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள், கண்டிக்காரர்கள்தான். ராணிமாரின் காதிலிருந்த நகையை இழுத்து அறுத்தார்கள் என்று பதிவு இருக்கிறது.

கீர்த்தி ஸ்ரீயை வைத்துச் சோதியுங்கள்

இந்தப் படியை ஏறக்குறைய எல்லோரும் தாண்டி ஓடிவிடுவார்கள். இதைச் செய்தால் உங்கள் கட்டுரை தனியாக நிற்கும்.

இளமைக்காலம்தான் காரணம் என்றால், அதே மாதிரி இளமை உள்ள இன்னொருவரும் விழுந்திருக்க வேண்டும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அவரும் பதின்வயதில் மன்னரானவர். அவரும் சைவப் பழக்கத்தை விடவில்லை என்று முறைப்பாட்டுக்கு ஆளானவர். 1760இல் சமனக்கொடி அதிகாரும் பிக்குமார் சிலரும் சேர்ந்து அவரைக் கொன்றுவிட்டுச் சீயத்து (இன்றைய தாய்லாந்து) இளவரசன் ஒருவனை இருத்தப் பார்த்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள்ளேயே நுழைந்தார்கள். இவ்வளவும் நடந்தும் 1747 முதல் 1782 வரை, 35 வருடம் அரியணையில் இருந்து, மன்னராகவே இறந்தார்.

அப்போ வித்தியாசம் எங்கே? என் கணக்கில் மூன்று. கீர்த்தி ஸ்ரீக்கு அரியணை அக்காவின் கணவர் வழியாக வந்தது, ஓர் அதிகாருக்கு அவர் கடன்படவில்லை. வெலிவிட்ட சரணங்கர தேரரோடு சேர்ந்து 1753இல் சீயத்திலிருந்து உபசம்பதாவை (பிக்குமாரின் உயர் தீட்சை) கொண்டுவந்து, விகாரைகளைக் கட்டியும் புதுப்பித்தும் பிரதானிகளைத் தாண்டிச் சனத்திடம் ஒரு வழி வைத்திருந்தார். மூன்றாவது மிகப் பெரியது: ஒல்லாந்தருக்கு வேண்டியது கறுவாவும் கரையோரமும். ஆங்கிலேயருக்கு முழுத் தீவும் வேண்டும். அதுவும் ஜோன் டொயிலி என்ற ஆங்கிலேய அதிகாரி போல ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து, சிங்களம் கற்று, கண்டிப் பிரதானிகளோடு ஓலையில் இரகசியமாகப் பேசி, யார் மன்னரோடு கோபம் என்று நாள்தோறும் குறித்து வைத்துக்கொண்டிருந்தால் எந்த மன்னரின் வீட்டிலும் வெடிப்புத் தெரியும்.

ஆகவே நான் எதிர்பார்க்கிற விடை ஒரு சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ வராது. இளமைக்காலம் அவரை ஆளில்லாத மன்னராக்கியது. ஆளில்லாத மன்னர் ஒல்லாந்தர் காலத்தில் தப்பியிருக்கலாம். 1796க்குப் பிறகு அது முடியாது. நீங்கள் இதற்கு எதிராகவும் வாதாடலாம், கீர்த்தி ஸ்ரீயைக் கணக்கில் எடுத்திருந்தால் சரி.

கொழும்பில் போய்ப் பார்க்க வேண்டியவை

கண்டிக்குப் போகப் பஸ் காசு இல்லாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கதையின் கடைசி அங்கம் நடந்தது எங்கள் ஊரில்தான்.

தேசிய நூதனசாலைக்குப் போய்க் கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தின் முன்னால் நில்லுங்கள். பொன் தகடு, கைப்பிடியில் சிங்கம், முதுகுச் சாய்வின் மேலே சூரியன். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப்போய் வின்ட்சரில் வைத்து, 1934இல் திருப்பித் தந்தார்கள். கண்ணுசாமியைப் போலவே அந்த ஆசனமும் வெளியிலிருந்து வந்ததுதான். இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று போன வருடம் ஒரு பிள்ளை கேட்டாள். சேர்க்கலாம், ஒரு வரிக்கு மேல் போகாவிட்டால்.

அடுத்தது கோட்டை. ஜனாதிபதி மாவத்தையில் சிலிங்கோ ஹவுஸ் பக்கத்தில் வளைந்த கூரையோடு ஒரு குட்டி அறை இருக்கிறது. கண்டி மன்னரைச் சிறை வைத்த அறை என்று காட்டுவார்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். பிறகு கொப்பியில் இரண்டு திகதியை எழுதுங்கள்: மன்னர் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது 1815 மார்ச் 6, கப்பல் ஏறியது 1816 ஜனவரி 24. ராணிமாரோடும் உறவினரோடும் வந்த ஒருவரை பத்து மாதத்துக்கு மேல் இந்த அறையிலா வைத்திருந்தார்கள்? அன்று எழுதிய ஆங்கிலேயர், கோட்டைக்குள் தளபாடம் போட்டு ஒழுங்குசெய்த ஒரு வீட்டில் மன்னரை இருத்தியதாகச் சொல்கிறார்கள். ஊர் சொல்கிற கதையும் தாள் சொல்கிற கதையும் முட்டுகிற இந்த இடத்தில், எதை ஏன் நம்புகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் மூலாதாரக் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அந்தக் கொழும்பு நாட்களில் மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு, இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷலின் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலேயத் தேசாதிபதிகளுக்குப் பக்கத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கோபத்தில் எதையும் செய்ய அவர்கள் விடுவதில்லை, அதனால் மரண தண்டனை குறைவு. எங்களுக்கோ கோபம் ஆறுவதற்குள் குற்றவாளி செத்துப்போய்விடுகிறான், என்ற கருத்தில். மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக வந்து, வருடங்கள் கழித்து அச்சேறிய பேச்சு என்பதைக் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் கட்டாயம் பயன்படுத்துங்கள். பக்கத்தில் நின்று "பொறுங்கள்" என்று சொல்ல ஆளில்லாத மன்னர் என்று நீங்கள் அதுவரை கட்டிக்கொண்டு வந்த வாதத்தை அவரே சொல்கிற இடம் அது. என்னுடைய பிள்ளைகள் பலர் இந்த மேற்கோளை முதல் பந்தியில் போட்டு வீணாக்குவார்கள். கடைசிக்கு முந்தின பந்திக்கு வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை

1815 மார்ச் 2இல் கண்டி அரச சபை மண்டபமான மகுல் மடுவத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் எல்லோரும் பௌத்த சமயம் பற்றிய ஐந்தாம் சரத்தை மனப்பாடம் செய்வீர்கள். இந்தக் கேள்விக்கு முதல் மூன்று சரத்துகள்தான் வேண்டும். மன்னரின் கொடுமைகளைச் சொல்லும்போதே "மலபார்" (தென்னிந்தியத் தமிழர் என்ற பொருளில்) ஆட்சியாளர் என்று அடையாளம் வைக்கிறது. மன்னரை இறக்குவதோடு நிற்காமல் அவருடைய வம்சத்துக்கே அரியணை இல்லை என்கிறது. ஆண் உறவினர்கள் அனுமதியில்லாமல் கண்டிப் பிரதேசத்துக்குள் வந்தால் மரண தண்டனை. அதாவது தண்டிக்கப்பட்டது ஒருவரின் செயல் மட்டுமில்லை, பிறப்பும்தான். பிறப்பும் இளமையும் அவரைக் கெடுத்தன என்று நாங்கள் இன்றைக்கு எழுதும்போது அந்தத் தாளின் குரலிலேயே பேசிவிடக்கூடிய ஆபத்து இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வசனத்திலும், பிறப்பு அவரைக் கெட்டவராக்கியது என்கிறேனா, பலமில்லாதவராக்கியது என்கிறேனா என்று பாருங்கள்.

இன்னொரு சான்று கையில் வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்து, 1817இல், ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியின் தலைமைக்கு யார் பெயரை முன்னால் வைத்தார்கள்? நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரை. அந்த ஆள் உண்மையில் நாயக்கரே இல்லை. அந்நியன் என்று ஒரு மன்னரைத் துரத்திய நாட்டில், அந்நிய வம்சத்தவன் போல வேடம் போட்டால்தான் சனம் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அப்படியானால் 1815இல் மன்னரைக் கைவிட்டது சனமா, பிரதானிகளா? இந்தக் கேள்வியைத் தொட்டால் போதும், விரித்தால் வேறு கட்டுரை.

எழுத உட்காரும்போது

தொடக்கத்தில் மன்னரின் பட்டப்பெயர்களை அடுக்காதீர்கள். 1798 ஜூலையில் ராஜாதி ராஜசிங்கன் இறந்த இடத்தில் தொடங்குங்கள், அந்த 18 வயதுப் பையன் தானாகவே உள்ளே வருவான். பிலிமத்தலாவைக்கு மன்னருக்குச் சமமான இடம் கொடுங்கள். "துரோகி" என்ற சொல்லை எங்கே எழுதினாலும், யாருக்குத் துரோகி என்று பக்கத்தில் எழுத முடியுமா பாருங்கள். எகலப்பொலயையும் ஆங்கிலேயர் நம்பவில்லை, 1818இல் பிடித்து, பின்னர் மொரீசியஸுக்கு அனுப்பினார்கள், 1829இல் அங்கேயே இறந்தார். இந்த வரி நன்றாக இருக்கும் என்று கடைசியில் ஒட்டாதீர்கள், உங்கள் வாதத்துக்கு வேண்டுமென்றால் மட்டும்.

வேலூருக்கு ஒரு பந்தி. கோர்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு, பதினாறு வருடம், 1832 ஜனவரி 30 மரணம். பாலாற்றுப் பக்கத்தில் கல்லறை, இன்றைக்கு முத்துமண்டபம் என்று சொல்கிறார்கள். படம் ஒட்ட விரும்பினால் இணையத்தில் எடுத்த மங்கல் படத்தை ஒட்ட வேண்டாம். கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டிலும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற நாளில் ஓட்டோ பிடித்துப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்வெட்டு எழுத்து வாசிக்கிற மாதிரிக் கிட்டப்போய் எடுக்கச் சொல்லுங்கள். கொப்பி அடுத்த திங்கட்கிழமைக்கு வேண்டும், படம் பிந்தினால் பிறகு ஒட்டலாம்.